அம்மன் காசு விழுந்த உண்டியல்

சுத்தியலை ஓங்கியாயிற்று. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு, கண்ணை மட்டும் அகல விரித்துக்கொண்டு, என்னைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். நடுவில் ஒரு பழைய சாக்கு. அதன் மேல் எங்கள் மண் உண்டியல்.

"டீச்சர்! ஒடச்சிராதீங்க! ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், ஒடச்சிராதீங்க!"

வாசலில் செல்வமணி நின்றாள். இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றி, முதுகில் கூடை மாட்டி, தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகிற கோலம். மேட்டு லயத்து வரிசை வீடுகளிலிருந்து ஓடி வந்திருக்கிறாள், மூச்சு இரைத்தது. அவள் மகள் கவிஷ்கா என் முன்னால்தான் மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தாள்.

"என்னா செல்வமணி, காலங்காத்தால இப்படிக் கத்துற?"

"அதுக்குள்ள அம்மன் காசு கெடக்கு டீச்சர். நான் போட்டது."

ஓங்கிய சுத்தியல் அப்படியே நின்றது. எனக்கு வந்ததே கோபம்! பிள்ளைகள் மாதக்கணக்காகச் சேர்த்த காசு அது. அன்றைக்கு உடைத்து எண்ணி, அடுத்த வாரம் எல்லாரும் ரயில் ஏறுவதாக ஏற்பாடு. பிறந்ததிலிருந்து லயத்து வாசலில் நின்று ரயிலுக்குக் கையாட்டிக்கொண்டே இருக்கிற பிள்ளைகள். ஒருத்தர்கூட அதில் ஏறியதில்லை. இந்த நேரம் பார்த்து அம்மன் வந்து நின்றால் நான் என்ன செய்வேன்?

பன்றி வயிற்றில் காசு

தொடரைப் புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நானுஓயாவுக்குக் கீழே, ரயில் பாதைக்கு மேலே எங்கள் தோட்டம். தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடத்துக்குப் பிள்ளைக் காம்பரா என்று பெயர். அங்கே மூன்று வயதுக்கு மேற்பட்ட வாண்டுகளுக்கு நான் டீச்சர். ஸ்டெல்லா டீச்சர். கொஞ்சம் கோபக்காரி என்பது தோட்டம் முழுக்கத் தெரிந்த சங்கதி.

விலைவாசி எல்லாம் தலைகீழாகப் போன காலத்துக்குப் பிறகு ஒரு நாள், கொழும்பிலிருந்து ஒரு பெட்டி நிறையப் படப் புத்தகங்கள் வந்தன. சின்னப் பிள்ளைகளுக்குக் காசைப் பற்றிச் சொல்லிக் கொடுக்க வேண்டுமாம். "இதுங்க கண்ணுல காசைக் காட்டுறதே இல்ல, இதுல பாடம் வேறயா" என்று முணுமுணுத்துக்கொண்டுதான் பிரித்தேன்.

சும்மா சொல்லக்கூடாது, படங்கள் அழகோ அழகு. வழவழவென்ற தாள். புது மை வாசம் காம்பரா முழுக்கப் பரவியது. பிள்ளைகள் பக்கத்துக்குப் பக்கம் மூக்கை வைத்து மோந்து பார்த்தார்கள்.

கதை இதுதான். ஒரு பையனுக்கு அவன் அப்பா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காசு கொடுப்பார். அதை அவன் ஒரு பீங்கான் பன்றியின் முதுகில் இருக்கும் துவாரத்தில் போடுவான். பன்றி நிறைந்ததும் உடைத்து சைக்கிள் வாங்குவான்.

முதல் பக்கத்திலேயே மிதுஷன் கையைத் தூக்கிவிட்டான். கேள்வி கேட்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

"அவங்க அப்பா எதுக்கு அவனுக்குக் காசு குடுக்குறாரு?"

"சும்மாதான். பிள்ளைன்னு பாசத்துல."

"அவன் கொழுந்து எடுத்தானா?"

"இல்லடா."

"பின்ன?"

அடுத்த பக்கம் திருப்பினேன். பன்றி.

"காசு ஏன் டீச்சர் பன்னி வயித்துல இருக்கு? பன்னி தின்னுருச்சா?"

ஒருவழியாகக் கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். பையன் பன்றியை உடைக்கிறான், காசு சிதறுகிறது. அதைப் பார்த்ததும் கவிஷ்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ! உண்டியலை ஒடைக்கிறான்! சாமி கண்ணைக் குத்தும்!"

மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். துவாரம் வைத்த பாத்திரம் என்றால் அவர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: மாரியம்மன் கோயில் வாசலில் இருக்கிற உண்டியல். அதில் போகிற காசு போனதுதான். திரும்பி வராது. அதை உடைக்கிறவன் திருடன். கொழும்பிலிருந்து வந்த கதாநாயகன் எங்கள் காம்பராவில் திருடனாகிப் போனான்!

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அன்றைக்குச் சிரித்தது பிறகு எனக்கே வினையாக வரும் என்று யார் கண்டது?

சுவரிலிருந்து வரும் காசு

அந்தக் கேள்விகள் என்னை விடவில்லை. அன்றைக்கு ராத்திரி முழுக்க யோசனை. இந்தப் பிள்ளைகள் மனசில் காசு என்பது என்ன? மறுநாள் வெள்ளைத் தாளைக் கொடுத்து, "காசு எங்கேருந்து வருது? வரைங்க பார்ப்போம்" என்றேன்.

ஒருத்தி தராசு வரைந்தாள். கொழுந்து மூட்டை தொங்குகிற தராசு. இன்னொருத்தன் கைபேசி வரைந்தான். அவன் சித்தி குவைத்தில் இருக்கிறாள், அங்கிருந்து காசு போனுக்குள் வருகிறது. மிதுஷன் வரைந்தது வெறும் சுவர். நடுவில் ஒரு கோடு.

"இது என்னாடா?"

"தலவாக்கலை பேங்க் சொவரு டீச்சர். அம்மா அட்டையைக் குத்துனா காசு வெளியே வரும். எல்லார் சொவத்துலயும் வராது. எங்க லயத்துல நான் குத்திப் பார்த்தேன்."

அவன் அறியாமல் சொல்லவில்லை, கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறான். தாய் மழையில் நனைந்து எடுத்த கொழுந்துக்கும் அந்தச் சுவருக்கும் நடுவில் என்ன நடக்கிறதென்று அவனுக்கு யாரும் காட்டவில்லை. எனக்கே அது முழுசாகத் தெரியுமா என்றால், அதுவும் சந்தேகம்தான்.

சரி, செய்துதான் காட்டுவோம் என்று இறங்கினேன். காம்பராவுக்குப் பின்னால் ஒரு பாத்தி கொத்தி முள்ளங்கி போட்டோம். விளைந்ததும் பிள்ளைகளே பிடுங்கிக் கழுவி, சாயங்காலம் வேலை முடிந்து வருகிற தாய்மாருக்கு விற்றார்கள். சொந்தத் தாய்க்கே விலை பேசுகிற கூத்தைப் பார்க்க வேண்டுமே! "அம்மா, சும்மா தரமாட்டேன். காசு குடு." ஒரு தாய் ஓங்கி வைக்கப் போன குட்டை நான்தான் குறுக்கே விழுந்து தடுத்தேன்.

நுவரெலியா சந்தைப் பக்கம் போனபோது, விற்ற காசைப் போட்டு வைக்க ஒரு மண் உண்டியல் வாங்கி வந்தேன். எதற்குச் சேர்க்கிறோம் என்று கேட்டபோது சைக்கிள் என்று ஒருவரும் சொல்லவில்லை. எல்லார் வாயிலும் ஒரே சொல்: "ரயிலு!" நானுஓயாவில் ஏறி, தலவாக்கலையில் இறங்கி, பஸ்ஸில் திரும்பி வருவது என்று முடிவாயிற்று. ரயில் எங்கள் தோட்டத்துக்குக் கீழேதான் போகும். நம் லயத்தை நாமே ரயிலுக்குள்ளிருந்து பார்க்கலாம் என்றதும் காம்பராவே அதிர்ந்தது.

உண்டியலை அலங்கரிக்கச் சொன்னேன். பூ வரைந்தார்கள், மீன் வரைந்தார்கள். நடுவில் யாரோ பெரிதாகச் சிவப்புப் பொட்டு வைத்து, மூன்று வெள்ளைக் கோடும் இழுத்துவிட்டார்கள். உண்டியல் என்றால் அப்படித்தானே இருக்கும்! அழகாகத்தான் இருந்தது. விட்டுவிட்டேன்.

அப்புறம் ஒரு மழைக்காலத்துத் திங்கட்கிழமை, உண்டியலின் கழுத்தில் ஒரு மஞ்சள் துணி கட்டியிருந்ததைப் பார்த்தேன். அதுவும் பிள்ளைகள் கைவரிசைதான் என்று நினைத்துத் தூசி தட்டி வைத்தேன்.

எது அந்தக் காசு?

இப்போது செல்வமணியிடம் வருகிறேன். சுத்தியலைக் கீழே போடச் சொல்லிவிட்டு, வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுகிற குரலில் சொன்னாள்.

கவிஷ்காவுக்குக் காய்ச்சல் வந்து கிடந்ததை முன்பே சொல்லியிருக்க வேண்டும். நாள் கணக்கில் இறங்காத காய்ச்சல். ஒரு விடியற்காலை பிள்ளைக்கு வலிப்பு வந்துவிட்டது. த்ரீவீலுக்குச் சொல்லிவிட்டு, செல்வமணி ஒரு ஐந்து ரூபாய்க் காசை மஞ்சள் துணியில் முடிந்து அம்மனுக்கு வைத்தாள். பிள்ளை பிழைத்தால் பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொண்டு, காசை உடனே உண்டியலில் போடுகிறேன் என்று சொல்லிவிட்டாள். கோயிலோ மலை உச்சியில். அடைமழை. பிள்ளை மடியில் கிடக்கிறது. த்ரீவீல் நின்ற இடம் பிள்ளைக் காம்பரா வாசல்.

"உள்ள சன்னல்ல ஒங்க உண்டியல் தெரிஞ்சிச்சு டீச்சர். பொட்டும் பட்டையுமா இருந்திச்சு. அம்மாவே வந்து நிக்கிற மாதிரி இருந்திச்சு எனக்கு. முடிச்ச அவுத்து, சன்னல் கம்பிக்குள்ள கையை விட்டுக் காசைப் போட்டேன். துணியக் கழுத்துல கட்டுனேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரையில பிள்ளை கண்ணைத் தொறந்திருச்சு."

பக்கத்தில் நின்ற கவிஷ்காவின் தலையைத் தடவினாள். பிள்ளை இன்னும் இளைத்துத்தான் இருந்தது.

"சரி செல்வமணி, அழுவாத. ஒடச்சு அதுல ஒரு காசை எடுத்துத் தாரேன். நீ கோயில்ல போட்டுரு. தீர்ந்துச்சு."

"எது என் காசு டீச்சர்?"

"எது எடுத்தா என்ன? அஞ்சு ரூவான்னா எல்லாம் அஞ்சு ரூவாதானே."

"அது எப்படி ஆகும்? நான் முடிஞ்ச காசு அது. அம்மன் அதைத்தான் பார்த்திருப்பா. நீங்க மாத்திக் குடுத்து, நாளைக்கு இதுக்கு மறுபடி ஏதாச்சும் ஒண்ணுன்னா?"

எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. முந்தின வாரம்தான் புத்தகத்தைக் காட்டிப் பாடம் நடத்தியிருந்தேன்: ஒரு பத்து ரூபாய்க்கு இரண்டு ஐந்து ரூபாய் சமம், எந்தக் காசும் எந்தக் காசுக்கும் சமம். பிள்ளைகள் கோரஸாகச் சொல்லியும் காட்டினார்கள். இங்கே ஒரு தாய் வந்து, இல்லை, ஒரு காசு மட்டும் வேறே என்கிறாள்!

வாயைத் திறந்து கத்தப் போனவள் அடக்கிக்கொண்டேன். காரணம், என் அம்மா ஞாபகத்துக்கு வந்துவிட்டார். நாங்கள் வேதக்காரர்கள். அந்தோனியாருக்கென்று நேர்ந்த ரூபாய்த் தாளை அம்மா பைபிளுக்குள் வைத்திருப்பார். ஒரு நாள் பஸ்ஸுக்குக் காசில்லாமல் கொட்டுகிற மழையில் டவுன் வரைக்கும் நடந்தே போனார். பைபிளுக்குள் தாள் அப்படியே இருந்தது. "அதை எடுத்துட்டு நாளைக்கு வச்சா என்னம்மா?" என்று கேட்டதற்கு, கேட்ட வாயில் ஒன்று போட்டார். என் அம்மாவுக்கு ஒரு நியாயம், செல்வமணிக்கு ஒரு நியாயமா?

இன்னொன்றும் இருந்தது. வேதக்கார டீச்சர் அம்மன் காசில் கை வைத்தாள் என்று ஒரு பேச்சு கிளம்பினால், அப்புறம் காம்பராவுக்கு எந்தப் பிள்ளை வரும்?

சுத்தியலை எடுத்து அலமாரிக்கு மேலே வைத்தேன். பிள்ளைகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மிதுஷன் மட்டும் மெதுவாகக் கேட்டான், "அப்ப ரயிலு?"

பூசாரி அண்ணன் கையை விரித்தார்

மாரிமுத்து அண்ணன் பகலில் தேயிலை ஃபேக்டரியில் வேலை, வெள்ளிக்கிழமைகளில் மாரியம்மன் கோயில் பூசாரி. அவரிடம் போய் முறையிட்டேன். வெற்றிலையை மென்றபடி எல்லாவற்றையும் கேட்டார். தலையைச் சொறிந்தார்.

"கலந்துருச்சே டீச்சர். பிள்ளைங்க காசை நான் எடுக்கப்படாது, பாவம். அம்மன் காசை நீங்க எடுக்கப்படாது, குத்தம்."

"அப்ப என்னாதாண்ணே செய்றது?"

"அதான் எனக்கும் தெரியல."

இதைக் கேட்கவா அத்தனை படி ஏறினேன் என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. உண்டியல் சன்னலிலேயே இருந்தது. கீழே ரயில் போகும் ஒவ்வொரு தடவையும் பிள்ளைகள் அதைப் பார்ப்பார்கள், அப்புறம் என்னைப் பார்ப்பார்கள். செல்வமணியும் நிம்மதியாக இல்லை. காலையில் பிள்ளையை விடும்போது என் முகத்தைப் பார்க்காமலே போவாள். மற்றத் தாய்மார் அவளிடம் என்ன சொன்னார்களோ, யாருக்குத் தெரியும்.

எனக்கு அந்தக் கொழும்புப் புத்தகத்தைத் திறக்கவே பிடிக்கவில்லை. பன்றியும் சைக்கிளும்! நம் கதையை நாமே புத்தகமாகப் போடுவோம் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். முள்ளங்கிப் பாத்தி ஒரு பக்கம், விற்றது ஒரு பக்கம், உண்டியல் ஒரு பக்கம். கடைசிப் பக்கத்தைக் காலியாக விட்டேன். என்ன வரைவது என்று எனக்கே தெரியாது.

ஒரு மத்தியானம் மற்றவர்கள் தூங்கும்போது கவிஷ்கா அந்தப் பக்கத்தில் குனிந்து கிடந்தாள். எட்டிப் பார்த்தேன். நீல ரயில். சன்னல் சன்னலாகப் பிள்ளைத் தலைகள். ஒரு சன்னலில் மட்டும், ரயிலைவிடப் பெரிதாக, சிவப்புச் சேலை கட்டிய ஒரு பெண்.

"இது யாரு? நானா?"

"நீங்க இங்க இருக்கீங்க." கதவோரத்தில் குச்சி குச்சியாக ஒன்றைக் காட்டினாள். "இது அம்மன்."

"அம்மன் ஏன் ரயில்ல இருக்காங்க?"

என்னை ஒரு பார்வை பார்த்தாள். இதுகூடத் தெரியாதா என்கிற பார்வை.

"அவங்க காசும் அதுல இருக்குல்ல டீச்சர். அவங்களும்தானே வருவாங்க."

எது யார் காசு என்று நாங்கள் பெரியவர்கள் மூன்று பேர் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தோம். இந்தப் பிள்ளை பிரிக்கவே இல்லை!

முழு டிக்கெட்

சாயங்காலம் செல்வமணி வந்ததும் படத்தைக் கையில் கொடுத்தேன். கொழுந்துக் கறை படிந்த விரலால் அந்தச் சிவப்புச் சேலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு படத்தைப் படங்குக்குள் செருகிக்கொண்டு நேரே கோயிலுக்கு ஏறினாள். நானும் பின்னாலேயே ஏறினேன்.

மாரிமுத்து அண்ணன் படத்தை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சிரித்தார்.

"அம்மா வருசா வருசம் தேர்ல போறா. ரயில்ல ஒரு நாளும் போனதில்ல. கூட்டிக்கிட்டுப் போங்களேன்! அவ காசுக்கு அவ வர்றா. யாருக்கு என்னா நட்டம்?"

"கோவிச்சுக்க மாட்டாளாண்ணே?" என்று கேட்டாள் செல்வமணி.

"பிள்ளைங்களோட போறதுக்கா கோவிப்பா? போம்மா."

வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, முதலில் ஒரு தேங்காயையும் அடுத்து உண்டியலையும் அவரே உடைத்தார். மஞ்சள் துணியில் குங்குமமும் ஒரு செவ்வந்திப் பூவும் வைத்து முடிந்து கவிஷ்கா கையில் கொடுத்தார். "இதுதான் அம்மன். சன்னல் பக்கம் உக்கார வை, என்னா?"

நானுஓயா ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிறவர் கண்ணாடிக்குள்ளிருந்து தலையை நீட்டிப் பிள்ளைகளை எண்ணினார். துணைக்கு வந்த இரண்டு தாய்மாரையும் என்னையும் எண்ணினார். ஒரு டிக்கெட் அதிகமாகக் கேட்கிறீர்களே டீச்சர் என்று சிங்களத்தில் சொன்னார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினேன். கவிஷ்கா முடிச்சைத் தூக்கிக் காட்டினாள்.

"பத்தினி மெணியோ மாதிரியா?" என்று, சிங்களவர் கும்பிடுகிற பத்தினித் தெய்வத்தின் பேரைச் சொல்லிக் கேட்டார் அவர். ஆமாம் என்று தலையாட்டினேன். உடனே எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, தனக்குத் தெரிந்த தமிழில் பிள்ளைகளைக் கேட்டார், "அரையா? முழுசா?"

"முழு டிக்கெட்!" என்று கத்தினான் மிதுஷன். "அம்மன் என்னா சின்னப் பிள்ளையா?"

அந்த ரயிலில் கூட்டம் அதிகமில்லை. சன்னலோரத்து இருக்கை ஒன்றில் மஞ்சள் முடிச்சை வைத்து, பக்கத்தில் டிக்கெட்டையும் வைத்தோம். முதுகுப்பையோடு ஏறிய ஒரு வெள்ளைக்காரர், இடம் காலி என்று நினைத்து உட்காரக் குனிந்தார்.

"ஆள் இருக்கு!" என்று ஒரே கூச்சல். மனுசனுக்கு ஒரு எழுத்தும் விளங்கியிருக்காது. கையைத் தூக்கிக்கொண்டு எழுந்து கதவோரம் போய் நின்றார்.

வளைவு திரும்பியதும் மேலே எங்கள் லயம் தெரிந்தது. தகரக் கூரை, கொடியில் காயும் துணி, பிள்ளைக் காம்பராவின் பச்சைக் கதவு. இத்தனை சின்னதா நம் வீடு என்று பிள்ளைகள் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். பாதையோரத்து மலையில்தான் அன்றைக்குக் கொழுந்து. பிள்ளையோடு ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களுக்குச் சம்பளம் போய்விட்டதால் செல்வமணி லீவு போடவில்லை.

ரயில் சத்தம் கேட்டதும் தாய்மார் எல்லாரும் நிமிர்ந்து கையாட்டினார்கள். செல்வமணி மட்டும் கையாட்டவில்லை. தேயிலைச் செடிகளுக்கு நடுவில், கூடை முதுகில் தொங்க, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டபடி நின்றாள்.

கவிஷ்கா முடிச்சை எடுத்துச் சன்னலோடு சேர்த்துத் தூக்கிப் பிடித்தாள்.

"அம்மா! நாங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கோம்!"